பச்சைத் தரையில் ஒரு நீலக் கயிறு

என் கொடும்பாவியை எரித்தபோது நான் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் மறியல். முன்னால் இருபது பேர், ஒரு வைக்கோல் பொம்மை, ஒரு மைக். பொம்மைக்கு இவ்வளவு பெரிய மீசை வைத்திருந்தார்கள். எனக்கு மீசையே கிடையாது. பக்கத்து சீட்டுக்காரர் வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து அலுத்துக்கொண்டார். "எவனோ சினிமாக்காரனாம் சார். அவன் படம் எடுத்துட்டுப் பூட்டான், நமக்கு ஷிப்ட்டு லேட்டு." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். நான் எரிந்து முடிய அரை மணி நேரம் ஆயிற்று.

அது முதல் படத்துக்கு. ஒரு ஏரியை மண் கொட்டி மூடி அதன் மேல் கம்பெனி சுவர் எழுப்பிய கதை. ஏரியைப் பற்றி யாருக்கும் கோபம் வரவில்லை. படத்தில் ஊராட்சித் தலைவராக வந்தவர் கட்டியிருந்த வேட்டியின் கரை எந்தக் கட்சிக் கரை என்பதில்தான் கோபம். இரண்டாவது படத்துக்கு வழக்குப் போட்டார்கள். கோர்ட்டுக்கு அலைந்தே ஒன்றரை வருஷம் போயிற்று. அதற்குள் 'சர்ச்சை இயக்குநர்' என்ற பெயர் என்மேல் ஒட்டிக்கொண்டது. பொய் சொல்லக் கூடாது, அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. டிவி விவாதங்களில் என் பெயருக்குக் கீழே அந்த இரண்டு வார்த்தைகளைப் போடும்போது கொஞ்சம் நிமிர்ந்தே உட்காருவேன்.

மூன்றாவது படம் என் அக்காவின் கதை.

அக்கா என்னைவிட நாலு வயது மூத்தவள். பென்னலூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு இருந்தது. அப்பா போன பிறகு, நான் சினிமாவில் உதவி இயக்குநராகச் சுற்றிக்கொண்டிருந்த ஆறு வருஷமும் வீட்டில் உலை வைத்தது அவள்தான். ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி ஒன்றில் வேலை. நகர்ந்துகொண்டே இருக்கும் பலகையில் வயர்களை வரிசையாகப் பொருத்திக் கட்ட வேண்டும். பலகை நிற்காது, எனவே கையும் நிற்கக் கூடாது. அவள் லைனில் அவளைத் தவிர முப்பது பெண்கள், எல்லாரும் கான்ட்ராக்ட்.

ஒரு நாள் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் லைனிலேயே மயங்கி விழுந்தாள். சூப்பர்வைசர் அவளை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு, லைன் ஓடட்டும் என்றார். அக்கா கையை எடுத்துவிட்டாள். "கைய எடுங்கடி" என்று ஒரு குரல் கொடுத்தாள். எல்லாரும் எடுத்தார்கள். இருபது நிமிஷம் லைன் நின்றது. அவ்வளவுதான் அவர்கள் செய்த புரட்சி. மறுநாள் காலையில் முப்பது பேரையும் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அக்காவை மட்டும் பேச வேண்டும் என்று உள்ளே கூப்பிட்டார்கள். மற்றவர்கள் வெயிலில் சாயங்காலம் வரை அவளுக்காகக் காத்திருந்தார்கள். அவள் அந்த கேட் வழியாக வெளியே வரவே இல்லை. பின்பக்கமாக வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. முப்பது பேருக்கும் வேலை போயிற்று. அக்காவுக்கும் போயிற்று. ஆனால் உள்ளே அவளுக்கு ஏதோ செட்டில்மென்ட் கொடுத்தார்கள், வேறு யூனிட்டில் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பி, அப்படியே புகைந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையைப் படமாக்க அக்காவிடம் பதினோரு நாள் உட்கார்ந்து கேட்டேன். அப்போது அவள் கல்யாணமாகிக் குன்றத்தூருக்குப் போயிருந்தாள். மாமா வேலைக்குக் கிளம்பியதும் நான் நோட்டோடு போய்விடுவேன். லைனில் யார் யாருக்கு அடுத்து நிற்பார்கள், பலகை நகரும்போது என்ன சத்தம் வரும், டீ பிரேக் எத்தனை நிமிஷம், எல்லாம் எழுதிக்கொண்டேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

இப்போது அந்தக் கயிறு விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கம்பெனியில் எல்லாருக்கும் ஒரே யூனிபார்ம். கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற கயிற்றின் நிறம் மட்டும்தான் வேறு. பர்மனென்ட் ஆட்களுக்கு நீலம். கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சை. எங்கள் பக்கத்தில் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றைப் பார்ப்பார்கள். கேன்டீனில் யார் பக்கத்தில் உட்காரலாம், எந்தப் பஸ்ஸில் ஏறலாம், பெண் கேட்டுப் போகலாமா வேண்டாமா, எல்லாமே கயிற்றில் இருக்கிறது.

ஷூட்டிங்குக்குப் பழைய ஷெட் ஒன்றை வாடகைக்கு எடுத்து, தரைக்குப் பச்சை பெயின்ட் அடித்தோம். எல்லாக் கம்பெனியிலும் தரை அப்படித்தான் இருக்கும். முப்பத்தோரு பச்சைக் கயிறு வாங்கிவந்தார்கள். முதல் ஷாட் வைத்ததும் கேமராமேன் முகம் சுளித்தார். "சார், பச்சைத் தரை, பச்சைக் கயிறு, கூட்டத்துல ஹீரோயின் காணாமப் போறாங்க. அவங்களுக்கு மட்டும் நீலம் குடுத்தா கண்ணு நேரா அங்க போவும்." நான் மானிட்டரில் பார்த்தேன். அழகாக இருந்தது. "குடுங்க" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆறு வருஷம் என் வீட்டு ஆணியில் பச்சைக் கயிறு தொங்கியிருக்கிறது. அதைத் தள்ளிவிட்டுத்தான் தினமும் என் சட்டையை எடுத்திருப்பேன். அந்த நொடியில் அது என் நினைவுக்கு வரவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு எரிச்சலாக வருகிறது.

அக்கா உள்ளே போனதும் கேட் மூடுவதோடு படத்தை முடித்திருந்தேன். உள்ளே என்ன நடந்தது என்று காட்டவில்லை. பார்க்கிறவன் வீட்டுக்குப் போய் யோசிக்கட்டும் என்பது என் எண்ணம். விமர்சனங்களில் அந்த முடிவைத்தான் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

படம் வெளிவந்ததும் வழக்கம்போலச் சண்டை வந்தது. எதற்கு என்றால், ஒரு டீக்கடைக் காட்சியில் பின்னால் ஒரு குப்பை லாரி போகிறது. அதன் மேல் போர்த்தியிருந்த தார்ப்பாயின் நிறமும் ஒரு கட்சிக் கொடியின் நிறமும் ஒன்றாக இருந்ததாம். குப்பை அள்ளுகிற லாரிமேல் எங்கள் கொடியா என்று கிளம்பிவிட்டார்கள். முப்பது பெண்களை வெயிலில் நிறுத்திய கம்பெனியைப் பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை. நாலு நாள் டிவியில் தார்ப்பாய். அந்த லாரி யாருடையது என்றே எனக்குத் தெரியாது. ஷாட் போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே வந்தது, விட்டுவிட்டோம். அதைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எனக்கு இருந்த ஆத்திரத்தில், "என் படத்தில் தற்செயலாக எதுவும் வராது. ஒவ்வொரு நிறமும் நான் யோசித்து வைத்தது. ஒரு பிரேமைக்கூட மாற்ற மாட்டேன்" என்று அடித்துப் பேசினேன். சோஷியல் மீடியாவில் அதை வெட்டி வெட்டிப் போட்டார்கள். எனக்குக் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிற்று.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா போன் செய்தாள். எடுத்ததும் கேட்டாள்.

"டேய், அந்தப் பொண்ணுக்கு ஏன்டா ஊதாக் கயிறு போட்ட?"

அக்கா நீலத்தை ஊதா என்றுதான் சொல்லுவாள். நான் கேமராமேன் சொன்ன காரணத்தைச் சொன்னேன். காம்போசிஷன், கண் போகிற இடம் என்று விளக்க ஆரம்பித்தேன்.

"அதெல்லாம் எனக்கு வோணாம். இங்க இன்னா பேசிக்கறாங்க தெரியுமா? அப்பவே உள்ளுக்குள்ள அவ பர்மனென்டாயிட்டா, நம்மள உசுப்பி உட்டுட்டு உள்ள பூந்துகினா, கூடப்பொறந்த தம்பியே படத்துல ஒத்துகினான்னு பேசிக்கறாங்க."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. ஒரு கயிற்றை வைத்தா என்றேன். அவள் சிரிக்கவில்லை. அன்று காலையில் பூசைக்குப் பென்னலூர்ப் பக்கம் எங்கள் பழைய மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள். லைனில் அவள் பக்கத்தில் நின்றவளும், மயங்கி விழுந்த பெண்ணைத் தன் மடியில் போட்டுக்கொண்டவளும், அக்காவுக்கு உயிர்த் தோழியாக இருந்தவளுமான ஒருத்தி அங்கேதான் வருவாள். புகைச்சல் பேச்சுக்கு நடுவிலும், முழுசாக நம்பாமல், ஏதோ இரண்டு வார்த்தையாவது பேசிக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். பூசையில் ஒருவருக்கொருவர் கை கூப்பிச் சமாதானம் சொல்கிற நேரத்தில் அக்கா திரும்பி அவளைப் பார்த்துக் கை கூப்பியிருக்கிறாள். அவள் அந்தப் பக்கம் திரும்பி வேறு யாருக்கோ சமாதானம் சொன்னாளாம்.

"எனுக்கு வேலை போனதுகூட இப்படி இல்லடா" என்றாள் அக்கா. "நான் வித்துட்டேன்னு அவ நெனைக்கறா பாரு. அத மட்டும் மாத்திக் குடு. வேற ஒண்ணும் உன்னாண்ட கேக்கல."

கம்ப்யூட்டரில் நிறத்தை மாற்றலாம். பதினான்கு ஷாட், ஒரு வாரம் போதும் என்றார்கள். தியேட்டரிலிருந்து படம் போய்விட்டாலும் ஓ.டி.டி.யில் மாற்றிக்கொள்ளலாம். தயாரிப்பாளர்தான் கையைப் பிசைந்தார். "இப்பத்தான் ஒரு பிரேமைக்கூட மாத்த மாட்டேன்னு சொன்னீங்க. இப்ப மாத்தினா பயந்துட்டோம்னு சொல்லுவான். கொஞ்சம் ஆறட்டும்." பழியை அவர்மேல் போட்டுவிட்டுப் போகலாம். ஆனால் மாற்ற வேண்டாம் என்று எனக்கும்தான் இருந்தது. தார்ப்பாய்க்காரர்கள் சிரிப்பார்களே என்று இருந்தது. அக்காவிடம் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று நாலு மாதம் ஓட்டினேன். அந்த நாலு மாதத்தில் கருத்துச் சுதந்திரம் பற்றி மூன்று கல்லூரிகளில் பேசினேன்.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னாள். படத்தை மாற்ற வேண்டாம். அந்தத் தோழி வீட்டுக்கு வந்து, கயிற்றை மாற்றியது நான்தான் என்று என் வாயால் சொன்னால் போதும்.

போனோம். மத்தியான நேரம். தோழி முதல் ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். வேறு கம்பெனி, அங்கேயும் கான்ட்ராக்ட்தான். அக்காவைப் பார்த்ததும் முகம் மாறியது, ஆனாலும் வாங்க என்றாள். இரண்டு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டாள். தான் நின்றுகொண்டாள்.

நான் வழியெல்லாம் யோசித்துவைத்ததைச் சொன்னேன். தரை பச்சை, கயிறு பச்சை, கதாநாயகி தனியாகத் தெரியவில்லை, அதனால் நீலம். வேறு எந்த அர்த்தமும் இல்லை. அக்கா கடைசி வரைக்கும் பச்சைக் கயிறுதான். என் தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். நான் மன்னிப்புக் கேட்பது அபூர்வம். கேட்டு முடித்ததும், காரியம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

தோழி முழுசாகக் கேட்டாள். "பாக்க நல்லா இருக்கும்னு மாத்தினியா தம்பி?"

"ஆமாம்க்கா."

"டிவில வேற சொன்னியே. ஒவ்வொரு கலரும் ரோசன பண்ணித்தான் வெச்சேன்னு. என் பையன் போன்ல காட்டினான், ரெண்டு தபா பாத்தேன். அந்த மாரி அடிச்சிப் பேசுன. இப்ப உங்க அக்காவுக்காக வந்து மாத்திப் பேசற. எதை நம்பறது?"

நான் வாயைத் திறந்தேன். அது கோபத்தில் சொன்ன பொய் என்று சொன்னால், கோபம் வந்தால் பொய் சொல்கிறவன் பாசம் வந்தால் சொல்ல மாட்டானா என்பாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விவாதத்தில் தோற்றேன். தோற்றது நான், பறிபோகப்போவது அக்காவின் பெயர்.

தோழி அக்கா பக்கம் திரும்பினாள். "அவன உடு. நீ சொல்லு. அன்னிக்கு சாய்ந்தரம் வரிக்கும் வெயில்ல நின்னுகினு இருந்தோம்டீ. உனுக்காகத்தான் நின்னோம். நீ ஏன் பின்னால போன? உள்ள இன்னா குடுத்தாங்க உனுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். தோழியும் பார்த்தாள். "தம்பி, நீ கொஞ்சம் வெளிய நில்லு" என்றாள். "வோணாம், இருக்கட்டும். அவனும் கேக்கட்டும்" என்றாள் அக்கா.

பிறகு தோழியை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"ஏசி ரூம்ல உக்கார வெச்சாங்க. ரெண்டு ஆளு மாத்தி மாத்தி வந்தாங்க. நானே வேலைய உட்டு நிக்கறேன்னு எழுதிக் கையெழுத்து போடுன்னாங்க. மாட்டேன்னேன். பாத்ரூம் போவணும்னு கேட்டேன். போட்டுட்டுப் போன்னாங்க. ஒரு தபா இல்ல, நாலு தபா கேட்டேன். அன்னிக்கு எனுக்கு ரெண்டாவது நாளு. மத்தியானத்துக்கு மேல சேர்லேர்ந்து எழுந்திருக்கவே முடியல. எழுந்தா அந்த ஆளுங்க பாப்பானுங்க. சேரெல்லாம் ஆயிப் போச்சி. கையெழுத்து போட்டேன். பெருக்கற அம்மா ஒருத்தங்க வந்து அவங்க யூனிபார்ம் கோட்டைக் கழட்டி என் இடுப்புல கட்டி, பின்னால கேட்டாண்ட இட்டுகினு போயி உட்டாங்க. நீங்கல்லாம் முன்னால நிக்கறீங்கன்னு தெரியும். அங்க செக்யூரிட்டி, டிரைவருங்க, டீக்கடை ஆம்பளைங்க. நான் எப்படிடீ அந்தப் பக்கம் வருவேன்?"

தோழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "லூசு, லூசு, என்னாண்ட சொல்றதுக்கு இன்னாடீ" என்று அடித்தாள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஒருவன் அங்கே இருப்பதே அவர்களுக்கு மறந்துபோயிற்று.

எனக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். அந்த இரண்டு ஆள்கள் மேல் ஆத்திரம். அதைவிட என்மேல் ஆத்திரம். யாரிடமும் சொல்லாமல், மாமாவிடம்கூடச் சொல்லாமல், அத்தனை வருஷம் பொத்திவைத்திருந்ததை என் ஒரு கயிற்றுக்காக அவள் வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. அவள் பெயர் திரும்பி வந்தது. அதில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை.

அடுத்த வாரமே நிறத்தை மாற்றினேன். தயாரிப்பாளர் சொன்னது அப்படியே நடந்தது. 'பணிந்தார் சர்ச்சை இயக்குநர்' என்று டிவியில் ஓடியது. தார்ப்பாயை மாற்றிவிட்டேன் என்று நினைத்து அந்தக் கட்சிக்காரர்கள் பட்டாசு வெடித்தார்கள். தார்ப்பாய் படத்தில் அப்படியே இருக்கிறது. பார்த்தால்தானே தெரியும்.

மாற்றிய ஷாட்டுகளைப் போனில் எடுத்துக்கொண்டு குன்றத்தூருக்குப் போனேன். அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். கேமராமேன் சொன்னது சரிதான், பச்சைக் கயிறு போட்டதும் கூட்டத்தில் கதாநாயகியைத் தேட வேண்டியிருந்தது. "இப்பத்தான் எங்க லைன் மாரி கீது" என்றாள் அக்கா.

அப்போதுதான் கேட்டேன். "ஏன்க்கா, பதினோரு நாள் உட்கார்ந்து கேட்டேனே. என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீ எங்கடா கேட்ட? பலகை இன்னா சத்தம் போடும்னு கேட்ட. டீ எத்தினி நிமிசம்னு கேட்ட. உள்ள இன்னா ஆச்சின்னு ஒரு நாளும் கேக்கல. கேட்டு மூடறதோட நிறுத்திக்கறேன், அதான் நல்லா இருக்கும்னு நீயே சொல்லிகின."

அக்கா போனைத் திருப்பி என் கையில் கொடுத்தாள்.

"நல்லதாப் போச்சின்னு இருந்தேன். நீ கேட்டு, நானும் சொல்லியிருந்தா, படத்துல வெச்சிருப்ப இல்ல?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். அவளிடம் அந்தப் பொய் வரவில்லை. வைத்திருப்பேன் என்றேன்.

"தெரியும்" என்று மறுபடியும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

இதை எழுதலாமா என்று அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்க, புஸ்தகம்தானே, யாரு படிக்கப் போறாங்க. படம் மட்டும் எடுக்காத" என்றாள். எடுக்க மாட்டேன் என்று அவள் தலையில் கை வைக்காத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அன்று அந்த வீட்டில், சேரிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, கேமராவை எங்கே வைத்தால் சரியாக இருக்கும் என்று நான் இடம் பார்த்துவிட்டேன்.